வெந்நீருக்கு நல்ல நேரம் எது? பிரான்ஸின் ராத்திரி கரண்ட் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ரொம்பச் சின்ன சத்தம். 'டக்'. அவ்வளவுதான்.

பாரிஸுக்குப் பக்கத்தில் என் பெரியம்மா மகள், அக்கா, இருக்காங்க. பாண்டிச்சேரியிலிருந்து குடும்பமாகப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் மாதம் அவங்க வீட்டில் பத்து நாள் தங்கினேன். தினமும் ராத்திரி 11 மணி வாக்கில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற மெயின் போர்டிலிருந்து இந்த 'டக்' கேட்கும். விடியக்காலையில் இன்னொரு தடவை கேட்கும். மாமாவிடம் கேட்டேன். "கீசர் முழிச்சுக்குதுப்பா. காலையில திரும்பத் தூங்கப் போயிடும்" என்றார்.

மூணாவது நாள் நான் வெளியே சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர் குளித்துவிட்டார்கள், குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருது. மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். கீசருக்கென்று தனியா ஒரு சின்ன ஸ்விட்ச், அதில் மூணு நிலை: 0, ஆட்டோ, 1. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று இருட்டிலேயே தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். தள்ளினது தப்பான பக்கம். 1-க்குப் பதிலாக 0-வில் வைத்திருக்கிறேன். காலையில் 2 டிகிரி குளிர், வீட்டில் ஒரு சொட்டு வெந்நீர் கிடையாது. "தம்பி, உன் புண்ணியத்துல இன்னைக்கு வீடே குளிக்காம வேலைக்குப் போகுது" என்று அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கு.

மாமா கோபப்படவில்லை. ஸ்விட்சைக் காட்டி ஒன்று சொன்னார். "1-ல வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அடுத்த தடவை மலிவு நேரம் வரும்போது தானா ஆட்டோவுக்குத் திரும்பிடும். 0-வில வச்சா நாமதான் திருப்பணும்."

அன்றைக்குத்தான் யோசித்தேன். நீங்க மறந்துபோவீங்க என்று தெரிந்தே ஒருத்தர் இந்த ஸ்விட்சைச் செய்திருக்கிறார். அந்த 'டக்' எந்த நேரத்தில் கேட்கணும் என்பதையும் வேறு யாரோ முடிவு பண்ணியிருக்கிறார். என் அக்கா வீட்டுத் தண்ணீர் எப்போது சுடணும் என்று அக்காவுக்குத் தெரியாத யாரோ முடிவு பண்றாங்க, அதற்கு அக்கா சந்தோஷமாகச் சம்மதிச்சிருக்காங்க. இது எப்படி நடந்தது? அதுதான் இன்றைய கதை.

ஆடி மாசத்து மண்டபம்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கரண்ட் ஏன் ஒரு நேரத்தில் மலிவு, ஒரு நேரத்தில் விலை அதிகம்?

கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கங்க. ஆயிரம் பேர் உட்கார இடம், சமையல்கட்டு, பாத்திரம், பந்தி மேஜை எல்லாம் எதுக்காக? முகூர்த்த நாளுக்காக. தை மாதம், வைகாசி மாதம் ஒரே நாளுக்கு நாலு பேர் போட்டி போடுவாங்க. ஆடி மாதம் மண்டபம் பூட்டியே கிடக்கும். ஆனால் கட்டினவர் வாங்கின கடனுக்கு வட்டி ஆடியிலும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்த மாதத்தில் யாராவது ஒரு கூட்டம் நடத்தக் கேட்டால், லைட் செலவும் கூட்டிப் பெருக்குகிற கூலியும் வந்தால் போதும் என்று கொடுத்துவிடுவார். கரண்டுக்கும் ஆடி மாதம் உண்டு. அது தினமும் வரும்.

இதை முதலில் கணக்காகச் சொன்னவர்களில் ஒருவர் ஜான் ஹாப்கின்சன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். 1892-ல் ஒரு உரையில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மின் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி கரண்ட் தயாரிப்பதில் இல்லை, எப்போது கேட்டாலும் தரத் தயாராக நிற்பதில் இருக்கிறது. கொதிகலன், இயந்திரம், தெருவுக்கு அடியில் போட்ட கேபிள் எல்லாமே உச்ச நேரத்துக்காகப் போட்ட முதலீடு.

அதே காலத்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரின் மின் நிலையத்தில் ஆர்தர் ரைட் என்பவர் ஒரு மீட்டர் செய்தார். நீங்க மொத்தம் எவ்வளவு எரிச்சீங்க என்பதோடு, ஒரே சமயத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தீங்க என்பதையும் அது காட்டும். 1894-ல் சிகாகோவிலிருந்து வந்த சாமுவேல் இன்சல் இந்த முறையைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்குப் போய் அதன் மேலேயே ஒரு பெரிய மின் சாம்ராஜ்யத்தைக் கட்டினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க, கடைசியில் திரும்ப வரும். 1890-களில் கரண்ட் என்றால் பெரும்பாலும் விளக்கு. சாயங்காலம் இருட்டினதும் எல்லாரும் போடுவாங்க, தூங்கப் போகும்போது அணைப்பாங்க. அப்படியானால் இயந்திரங்கள் சும்மா நின்ற நேரம் எது? பகல்தான். நல்ல வெளிச்சமான மத்தியான நேரம். அதனால்தான் கம்பெனிகள் டிராம் வண்டிக்கும், பட்டறை மோட்டாருக்கும் பகல் கரண்டைக் குறைந்த விலைக்கு விற்றன. அன்றைய ஆடி மாதம் மத்தியானம்.

அந்த வியாபாரம் நன்றாகவே நடந்தது. தொழிற்சாலைகள் கரண்டுக்கு மாறின, பகல் நிரம்பியது. இருபதாம் நூற்றாண்டு நகர நகர, காலியாகக் கிடந்த நேரம் நடுராத்திரிக்கு இடம்பெயர்ந்தது. ராத்திரி கரண்ட் மலிவு என்பது ஏதோ இயற்கை விதி மாதிரி நமக்குத் தோன்றும். அப்படிக் கிடையாது. யார், எப்போது, எதுக்காக கரண்ட் எடுக்கிறாங்க என்பதைப் பொறுத்து அந்த நேரம் உருவாகுது, மாறுது.

ராத்திரியில் யார் வாங்குவார்?

சரி, ராத்திரி மலிவு. ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து யார் கரண்ட் எரிப்பாங்க? தூங்குகிறவருக்கு விற்கணும் என்றால் அவர் தூங்கும்போதே பயன்படுகிற, ஆனால் விடிந்த பிறகும் பலன் தருகிற ஒரு பொருள் வேணும். வெந்நீர் அப்படிப்பட்ட பொருள்.

ஒரு சின்ன கணக்கு. 200 லிட்டர் தொட்டி. உள்ளே வரும் தண்ணீர் 15 டிகிரி. அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சுமார் பத்தரை யூனிட் கரண்ட் ஆகும். 2,200 வாட் காயில் இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதாவது எட்டு மணி நேர ராத்திரிக்குள் சவுகரியமாக முடிந்துவிடும். தொட்டியைச் சுற்றி நல்ல உறை இருந்தால் அந்தச் சூடு மறுநாள் ராத்திரி வரை தாங்கும். நம்ம ஊரில் குளிக்கப் போகும் முன்னால் போட்டு, வெளியே வந்ததும் அணைக்கிற கீசர் வேறு. இது வேறு. இது பேட்டரி மாதிரி, கரண்டைச் சூடாக மாற்றிச் சேர்த்து வைக்கிற பாத்திரம்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையிலேயே ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் ராத்திரி விலையும் இப்படிப்பட்ட தொட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் ஒரு நாட்டின் கொள்கையாகவே இது மாறினது, இரண்டாம் போருக்குப் பிறகு வந்த பஞ்சத்தில்.

1947 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரி தீர்ந்துபோனது. பிப்ரவரியில் பல பகுதிகளில் காலை 9 முதல் 12 வரையும், மத்தியானம் 2 முதல் 4 வரையும் வீடுகள் கரண்ட் எரிக்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆபீஸ் வேலை நடந்தது. அடுத்த வருஷம் கிளோ கமிட்டி என்ற குழு இதைப் பற்றி ஆராய்ந்தது. வீட்டுக் கரண்டுக்குக் குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதல் விலை, கோடையில் கொஞ்சம் குறைவு என்ற திட்டம் வந்தது. ஒரே ஒரு குளிர்காலம்தான் தாக்குப் பிடித்தது. ஏன் என்று யோசிங்க. பில் மாதக் கணக்கில் கழித்துத்தான் வீட்டுக்கு வரும். இன்று சாயங்காலம் 5 மணிக்கு ஹீட்டரைப் போடலாமா வேண்டாமா என்று அந்த பில் உங்களுக்குச் சொல்லாது. குளிரில் நடுங்குகிறவர் எப்படியும் போட்டுவிடுவார், பிறகு அரசைத் திட்டுவார்.

இதிலிருந்து ஒரு பாடம். விலையை மட்டும் மாற்றினால் போதாது. அந்த விலை எப்போது நடப்பில் இருக்கு என்று வீட்டுக்குத் தெரியணும். அதைவிட நல்லது, வீட்டுக்காரர் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாத ஒரு ஏற்பாடு.

புவாத்தோவின் கணக்கு

இப்போ பிரான்ஸுக்குப் போவோம். 1946 ஏப்ரலில் பிரான்ஸ் தன் மின் கம்பெனிகளைத் தேசியமயமாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னதும் பெரியதுமான கம்பெனிகள் ஒன்றாகி ஈ.டி.எஃப். என்ற அரசு நிறுவனம் பிறந்தது. ஊருக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு விதி என்று இருந்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தணும்.

1949-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் மார்செல் புவாத்தோ. 1922-ல் பிறந்தவர், படிப்பால் கணித ஆசிரியர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மொரீஸ் அல்லே என்ற பொருளாதார அறிஞரிடம் பயின்றவர். சேர்ந்த அதே வருஷம் உச்ச நேரத் தேவைக்கு எப்படி விலை வைக்கணும் என்று ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுக்கப் பொருளாதார மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறாங்க.

அவருடைய வாதத்தை நம்ம மண்டபத்தை வைத்தே சொல்லிடலாம். முகூர்த்த நாளில் வருகிறவரால்தான் இவ்வளவு பெரிய மண்டபம் கட்ட வேண்டி வந்தது, அதனால் கட்டடச் செலவை அவர்தான் சுமக்கணும். ஆடியில் வருகிறவரால் ஒரு செங்கல் கூட அதிகம் வைக்கவில்லை, அதனால் அவரிடம் விளக்குச் செலவு மட்டும் வாங்கணும். இது வியாபாரத் தந்திரம் இல்லை, இதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. எல்லாருக்கும் ஒரே விலை என்று வைத்தால், ராத்திரி எடுக்கிறவர் காசில் சாயங்காலம் எடுக்கிறவர் சொகுசாக இருக்கிறார் என்று ஆகும் இல்லையா?

1950-களின் இரண்டாம் பாதியில் இதைப் பெரிய தொழிற்சாலைகளுக்கு அமல்படுத்தினார்கள். 'பச்சை விலைப்பட்டியல்' என்று பெயர். பருவத்துக்கு ஒரு விலை, நேரத்துக்கு ஒரு விலை. பிறகு வீடுகள் பக்கம் திரும்பினார்கள். 1963-ல் 'நீல மீட்டர்' என்று ஒரு பெரிய விளம்பரப் பிரசாரம் நடந்தது: வீட்டுக்கு அதிக லோடு வாங்குங்க, மின்சாதனங்கள் வைங்க என்று. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் வீட்டுக்கும் இரட்டை விலை வந்தது. தினமும் எட்டு மணி நேரம் மலிவு, மிச்ச நேரம் முழு விலை. அந்த மலிவு நேரத்துக்கு பிரெஞ்சில் 'ஓர் க்ரூஸ்' என்று பெயர். உள்ளே ஒன்றுமில்லாத, குழிந்த நேரம் என்று அர்த்தம். மின் தேவையை வரைபடமாகப் போட்டால் மேடு பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குத்தான் இந்தப் பெயர்.

புவாத்தோ 1967-ல் நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஆனார். இருபது வருஷம் அந்த நிறுவனத்தின் உச்சியில் இருந்தார். 2023-ல், 101 வயதில் காலமானார். என் அக்கா அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் முப்பது வருஷமாக அவர் கணக்கில்தான் அவங்க வீட்டுத் தண்ணீர் சுட்டது.

கம்பி வழியா வந்த கட்டளை

இனி அந்த 'டக்'. விலை மாறும் நேரம் மீட்டருக்கும் கீசருக்கும் எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் கடிகாரம் வைத்தார்கள். கடிகாரம் பிந்தும், முந்தும், கரண்ட் போனால் நிற்கும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் போய் நேரம் சரி செய்ய முடியுமா?

அதற்கு அவங்க கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. செய்தி அனுப்பத் தனிக் கம்பி போடவில்லை. வீட்டுக்கு வரும் அதே கரண்ட் கம்பியில் செய்தியை ஏற்றினார்கள். பிரான்ஸில் வீட்டுக் கரண்ட் நம்ம ஊர் மாதிரியே நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும், 50 ஹெர்ட்ஸ். அதன் மேல் 175 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அலையைத் துணை மின் நிலையத்திலிருந்து விட்டு விட்டு அனுப்பினார்கள். முதலில் ஒரு துடிப்பு, 'கவனி' என்று. பிறகு வரிசையாகத் துடிப்புகளுக்கான இடங்கள். எந்த இடத்தில் துடிப்பு வருது என்பதுதான் கட்டளை. மெயின் போர்டில் இருக்கும் ரிலே தன் இடத்துக்கான துடிப்பு வருகிறதா என்று எண்ணிக்கொண்டே காத்திருக்கும். வந்தால் 'டக்'. மீட்டர் மலிவு விலைக்கு மாறும், கீசரும் முழிச்சுக்கும். சில வீடுகளில் அந்த அலை போகும்போது ஃபேனோ மோட்டாரோ மெல்ல ரீங்காரமிடும். அதைக் கேட்டே மணி சொல்கிறவர்கள் உண்டு.

இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கு. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போனால் என்ன ஆகும்? லட்சக்கணக்கான கீசர் ஒரே நொடியில் ஆன் ஆகி, பள்ளத்தில் ஒரு புது மலை முளைச்சிடும். அதனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நேரத்தை மாற்றி வைத்தார்கள். ஒருத்தருக்கு 10 மணி, பக்கத்து ஊருக்கு பதினொன்றரை. சிலருக்கு ராத்திரி ஆறு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம் என்று பிரித்தும் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் அதிகாரம் எப்படிப் பங்கு போடப்பட்டது என்று பாருங்க. நேரத்தை முடிவு பண்ணுவது நிறுவனம். ஆனால் சுவரில் இருக்கும் மூணு நிலை ஸ்விட்ச் வீட்டுக்காரர் கையில். விருந்தாளி வந்தால் 1-ல் போடலாம், விலை அதிகம் கொடுத்தால் போதும். ஊருக்குப் போனால் 0. மற்றபடி ஆட்டோ. 'உன் சவுகரியத்தை நான் பறிக்கவில்லை, சம்மதத்தைத்தான் கேட்கிறேன், சம்மதித்தால் விலையைக் குறைக்கிறேன்' என்ற ஒப்பந்தம் அது. இங்கிலாந்தில் ஒரே குளிர்காலத்தில் தோற்றது இங்கே அறுபது வருஷம் நின்றதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பள்ளம் நிரம்பியது, மேடும் வளர்ந்தது

1973-ல் எண்ணெய் நெருக்கடி. 1974 மார்ச்சில் பிரதமர் பியர் மெஸ்மெர் பெரிய அணுமின் திட்டத்தை அறிவித்தார். 1980-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அணு உலைகளிலிருந்து வந்தது. அணு உலை என்பது எல்லா மண்டபங்களையும்விடப் பெரிய மண்டபம். கட்டத்தான் காசு, ஓட்டுவதற்கான எரிபொருள் செலவு அதில் சிறு பங்கு. பிரான்ஸ் தன் உலைகளின் உற்பத்தியை ஓரளவு ஏற்றி இறக்கப் பழகியது உண்மைதான். ஆனால் ராத்திரி இறக்குவதால் மிச்சமாவது குறைவு. அதனால் ராத்திரித் தொட்டி என்பது ஒரு சில்லறைச் சேமிப்பாக இல்லாமல் நாட்டின் மின் திட்டத்துக்கே ஒரு தூணாக மாறியது.

ஆனால் கதையில் ஒரு கசப்பும் இருக்கு. கரண்ட் நிறைய இருக்கே என்று வீட்டைச் சூடாக்கவும் கரண்டையே பரப்பினார்கள். தண்ணீர்த் தொட்டி ராத்திரி வரை காத்திருக்கும். குளிரில் இருக்கும் மனிதர் காத்திருக்க மாட்டார். சாயங்காலம் 7 மணிக்கு வீடு திரும்பினதும் ஹீட்டரைப் போடுவார். விளைவு, பள்ளத்தை நிரப்பக் கிளம்பினவர்கள் மேட்டையும் வளர்த்துவிட்டார்கள். 2012 பிப்ரவரி 8 அன்று சாயங்காலம் 7 மணிக்கு பிரான்ஸின் தேவை 102,000 மெகாவாட்டைத் தொட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியதே 2024-ல்தான். பிரான்ஸில் குளிர்காலத்தில் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி இறங்கினால் தேவை சுமார் 2,400 மெகாவாட் ஏறும். கூடங்குளத்தில் இன்று ஓடும் இரண்டு உலைகளும் சேர்ந்தால்கூட 2,000 மெகாவாட்தான்.

மத்தியானம் 12 மணி

2022-க்கு வருவோம். உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியது. அதே சமயம் பிரான்ஸின் உலைகளில் குழாய்களில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் மொத்தம் 56 உலைகளில் 32 நின்றிருந்தன. குளிர்காலத்தில் கரண்ட் போகுமோ என்று நாடே பயந்தது. அப்போது அரசு செய்த காரியங்களில் ஒன்று: அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, மத்தியானம் 12-லிருந்து 2 மணிக்குள் கீசர்கள் தானாக ஆன் ஆவதை நிறுத்தி வைத்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். விலை அதே மலிவு விலைதான், ஆனால் 'டக்' கேட்காது.

யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. 2015 டிசம்பரிலிருந்து நாடு முழுக்கப் பொருத்திய 'லிங்கி' என்ற ஸ்மார்ட் மீட்டர் மூலம் தூரத்திலிருந்தே செய்தார்கள். அந்த மீட்டர் வந்தபோது, நம்ம வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கும், தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் என்று சொல்லிப் பல ஊர்கள் எதிர்த்தன. அந்தச் சந்தேகம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் ராத்திரிச் சூடு தொடப்படவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்சின் 1-ஐயும் யாரும் பூட்டவில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. பழைய ஒப்பந்தம் அப்போதும் நின்றது.

இப்போ பாருங்க வேடிக்கையை. 2022-ல் மத்தியானம் கீசரை அணைத்த அதே நாடு, மூணு வருஷம் கழித்து மத்தியானம்தான் போடணும் என்று சொல்லுது. காரணம் சூரியன். கூரை மேலும் வயல்வெளியிலும் சோலார் பெருகிவிட்டது. கோடையில் மத்தியானம் கரண்ட் வாங்க ஆள் இல்லை. 2024-ல் மட்டும் 350 மணி நேரத்துக்கும் மேல் பிரான்ஸின் மொத்தச் சந்தையில் கரண்ட் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது எடுத்துக்கொள்கிறவருக்கே காசு.

அதனால் 2025 நவம்பர் 1 முதல், கட்டம் கட்டமாக 2027 வரை, சுமார் 1.1 கோடி வீடுகளின் மலிவு நேரம் மாறுது. மொத்தம் அதே எட்டு மணி நேரம். ராத்திரியில் தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது இருக்கும். மிச்சம் மூணு மணி நேரம் வரை காலை 11-க்கும் மாலை 5-க்கும் நடுவில் வரலாம். காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 11 வரையும் மலிவு நேரம் கிடையாது.

1890-களில் மத்தியானம், பிறகு நடுராத்திரி, இப்போ திரும்ப மத்தியானம். ஆடி மாதம் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது.

ஆட்டோவில் கீசர் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கவலை இல்லை, 'டக்' தானாக நேரம் மாற்றிக்கொள்ளும். சிரமம் யாருக்கு? சொந்தமாக டைமர் வாங்கிப் பொருத்தினவர்களுக்கு. வாஷிங் மெஷினை ராத்திரி 2 மணிக்கு ஓட வைத்துப் பழகினவர்களுக்கு. அவங்க டைமரைத் தாங்களே திருத்தி வைக்கணும், இல்லையென்றால் மலிவு என்று நினைத்தபடியே முழு விலையில் ஓடும்.

இன்னொரு கேள்வியும் எனக்கு இருக்கு. புவாத்தோ சொன்ன நியாயம், நேரத்தை மாற்ற முடிந்தவருக்கு நியாயம். தொட்டி வைக்க இடம் இல்லாத ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவர், ஷிப்டு முடிந்து சாயங்காலம் 6 மணிக்கு வந்து சமைக்கிறவர், அவங்க எப்படி மாற்றுவாங்க? மண்டபத்தை ஆடியில் எடுத்தால் மலிவு என்பது சரிதான். ஆனால் கல்யாண நாளை எல்லாராலும் தள்ளிப்போட முடியாதே.

நம்ம ஊருக்கு வரும்போது

இது தூர தேசத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. ராத்திரி கரண்டின் அருமை நம்ம ஊரில் யாருக்குத் தெரியும்? விவசாயிக்கு. மும்முனை மின்சாரம் கொடுக்கும் நேரம் ராத்திரியில் விழுந்தால், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, பாம்பு பூச்சிக்குப் பயந்துகொண்டு மோட்டார் போடப் போனவர்கள் நிறைய. காலியான நேரத்தில் லோடைத் தள்ளுவது என்ற அதே யோசனைதான். ஆனால் பிரான்ஸில் ரிலே முழிச்சிருந்தது, இங்கே மனிதர் முழிச்சிருந்தார். பிறகு கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்து கொஞ்சம் தூக்கம் கொடுத்தது.

வீடுகளுக்கும் இது வரப்போகுது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய வெளிச்சம் இருக்கும் நேரத்துக்குக் குறைந்த விலை, உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலை என்று சொல்லுது. விவசாயம் தவிர மற்ற எல்லாருக்கும் 2025 ஏப்ரலுக்குள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் என்பது விதியில் இருக்கும் கணக்கு. தமிழ்நாட்டில் நம்ம வீட்டு பில் இன்னும் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கில்தான் ஓடுது. நேரம் பார்த்து விலை என்று ஒருநாள் வரும்போது, நாம கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு தள்ளுபடி என்பது மட்டும் இல்லை. நேரம் மாறினால் என் வீட்டுக்கு யார் சொல்வார்? ஆட்டோ உண்டா? ஆட்டோ வேண்டாம் என்றால் 1-ல் போட எனக்கு உரிமை உண்டா? நேரத்தை மாற்ற முடியாதவருக்கு என்ன ஏற்பாடு?

இந்த எபிசோடுக்காகப் போன வாரம் அக்காவுக்கு போன் போட்டேன். மாமா எடுத்தார். அவங்களுக்கும் நேரம் மாறும் என்று கடிதம் வந்துவிட்டது. ரிட்டயர் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். "முப்பது வருஷம் ராத்திரி கரண்டுதான் மலிவுன்னு உங்க அக்கா துணியெல்லாம் ராத்திரியிலயே தோய்ச்சா. இனிமே மத்தியானம் சாப்பிட்டுட்டு மெஷினைப் போடலாமாம். இதை அப்பவே சொல்லியிருந்தா நல்லாத் தூங்கியிருப்போமே" என்று சிரித்தார்.

பின்னால் அக்கா குரல் கேட்டது. "அவன் திரும்ப வந்தா அந்த ஸ்விட்ச் பக்கம் போக வேண்டாம்னு சொல்லுங்க."

சரி அக்கா, போகமாட்டேன். ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.